கொய்யா மரத்தடி பெஞ்சுக்கு என்ன பூசுவது?

அன்று எங்கள் வீட்டுக் கொடியில் துணிக்குப் பதிலாக மரத்துண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன.

ஒவ்வொரு துண்டிலும் ஓட்டை போட்டு, சணல் கோத்து, நான்தான் தொங்கவிட்டிருந்தேன். ஒன்றில் எனாமல் பெயின்ட். ஒன்றில் வார்னிஷ். ஒன்றில், நான் வேலை பார்த்த கம்பெனியில் பஸ்களுக்கு மேல்பூச்சாக அடிக்கும் கிளியர் கோட். இன்னொன்றில் ஆளிவிதை எண்ணெய். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசியது மட்டும் தள்ளிப் போய்ப் பின் கேட்டோரமாகத் தொங்கியது. நல்ல பங்குனி வெயில். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெரு அப்போது அவ்வளவு நெரிசல் இல்லை. எங்களுடையது மூலை வீடு. போகிற வருகிறவர்கள் நின்று, பின்பக்கக் காம்பவுண்டுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ரிட்டயர் ஆனதில் காதர் பாய்க்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

என் மனைவி மைமூன் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, துண்டு துண்டாக மோந்து பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் போகமாட்டாள். ஒரு முழம் தள்ளி நின்று, மெல்ல மூச்சை இழுப்பாள். அவளுக்கு மூச்சிரைப்பு. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நிற்பாள்.

"இது வேணாம். இது வேணவே வேணாம், தொண்டையில போய் நிக்குது. இது பரவால்ல."

தீர்ப்பு சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில் முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இது எதுன்னு நீங்க மோந்து பாத்து சொல்லுங்க மச்சான்."

எங்கள் குடும்பத்தில் பெண்கள் கணவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அன்றைக்குக் கூப்பிட்ட விதத்தில் ஏதோ இருந்தது. நான் வசமாக மாட்டிக்கொண்டேன். எப்படி மாட்டிக்கொண்டேன் என்பது தெரிய வேண்டுமானால் அந்த பெஞ்ச் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

பெஞ்ச் வந்த கதை

மைமூனுக்கு இரைப்பு முன்பே உண்டு. ஐம்பதைத் தாண்டியதும் அது வீட்டோடு வந்து தங்கிவிட்டது. டாக்டர் நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். தூசி ஆகாது, புகை ஆகாது, எந்த நெடியும் ஆகாது, முடிந்தவரை வெளிக்காற்றில் உட்காருங்கள் என்றார். எங்கள் வீட்டின் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது. ஒரு கொய்யா, ஒரு முருங்கை, அவள் வைத்த மருதாணிச் செடி. அதைத் தோட்டம் என்று அவள் சொல்வாள், பின்பக்கம் என்று நான் சொல்வேன்.

பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பார்த்தோம். இரைப்பு வரும்போது அவள் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் எதன் மேலாவது ஊன்றினால்தான் மூச்சு இறங்கும். பிளாஸ்டிக் நாற்காலியின் கை அவள் பாரத்துக்கு வளையும், கால் மண்ணில் புதையும். ஒருநாள் அப்படியே சாய்ந்துவிட்டாள். அதன் பிறகுதான் ஜி.எஸ்.டி. ரோட்டில் பழைய மரம் விற்கும் கடைக்குப் போய், யாரோ வீட்டை இடித்து எடுத்த தேக்குச் சட்டங்களை வாங்கி வந்தேன். அகலமான கைகள் வைத்து, முன்னால் ஊன்றிக்கொள்ள ஒரு பலகையும் வைத்து, தெரிந்த ஆசாரியிடம் செய்து வாங்கினேன்.

அவள் அதில் உட்கார்ந்து, கைகளைப் பரப்பி வைத்து, மூச்சு விட்டாள். "இது என் சீட்டு. நீங்க வேணும்னா அந்த ஓரத்துல உட்காந்துக்கங்க" என்றாள்.

காலையில் தொழுதுவிட்டு வெளியே வந்தால் வெயில் ஏறும்வரை அங்கேதான். காபி அங்கே, கீரை ஆய்வது அங்கே, என்னைத் திட்டுவதும் அங்கே.

தேக்குதானே, என்ன ஆகப்போகிறது என்று அதன்மேல் எதையும் பூசவில்லை. பழைய சட்டங்களில் கெட்டியான வைரமும் சீக்கிரம் உளுத்துப்போகும் வெள்ளையும் கலந்திருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. நான் இரும்பிலும் தகட்டிலும் வாழ்ந்தவன். அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. நீங்கள் தாம்பரம் பக்கத்து ஆளாக இருந்தால் எந்த மழை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கால்வாசித் தெரு ஏரியாகிவிட்டது. தண்ணீர் வடிந்து பார்த்தால் பெஞ்ச் சாம்பல் நிறமாகி, கைப்பிடியில் பச்சைப் பாசி படிந்திருந்தது. சிராய் கிளம்பிப் புடவையைப் பிடித்து இழுத்தது. ஒரு காலில் கரையான் மண் ஏறியிருந்தது.

அது போகட்டும். அந்த மழை முழுக்க மைமூன் ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் அடைந்து கிடந்தாள். சுவரெல்லாம் பூஞ்சை. கார்த்திகையில் ஒருநாள் உதடு நீலம் பாரித்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். வெளியே வந்ததும் அவள் சொன்னது ஒன்றுதான்.

"அடுத்த மழைக்கு நான் உள்ள கெடக்கமாட்டேன் மச்சான். மழை எப்ப விடுதோ அப்ப எல்லாம் நான் வெளிய வந்து உட்காரணும். அதுக்கு எனக்கு பெஞ்ச் வேணும்."

அடுத்த மழைக்குத் தாங்குகிற மாதிரி எதையாவது பூச வேண்டும். பூசியதன் நெடி அவள் மூச்சை அடைக்கக் கூடாது. கேட்க எளிதாகத்தான் இருந்தது.

பஸ்காரன் புத்தி

குரோம்பேட்டையில் தனசேகர் என்று ஒருவர் பெயின்ட் கடை வைத்திருந்தார். கல்லாவில் உட்கார்ந்தபடியே ஊர் விவகாரம் அனைத்துக்கும் தீர்வு சொல்கிறவர்.

"வாசன வராத பெயின்ட் கேக்கறியே பாய், சக்கர போடாத அல்வா கேக்கற மாதிரி கீது. பேஜார் பண்ணாத. ரெண்டு கோட் எனாமல் வுட்டுட்டுப் போய்க்கினே இரு."

"எனாமல் வெயில்ல வெடிக்கும் தனசேகர். வெடிச்ச எடத்துல தண்ணி எறங்கும். எறங்குன தண்ணிக்கு வெளிய வர வழி இருக்காது. உள்ளயே உக்காந்து மரத்தச் சாப்பிடும்."

"அப்ப இன்னாதான் வோணும் உனக்கு? வார்னிஷ் கீது. இல்ல, உன் கம்பெனி சரக்கயே அடி. பஸ்ஸே தாங்குது, பென்ச்சு தாங்காதா?"

உண்மையைச் சொன்னால் என் மனமும் அதில்தான் இருந்தது. வாழ்நாள் முழுக்க பஸ் பாடி கட்டும் கம்பெனியில் பெயின்ட் அடித்தவன் நான், கடைசியில் சூப்பர்வைசர். பூச்சு என்றால் பளபளக்க வேண்டும், குனிந்து பார்த்தால் மூக்குமுழி தெரிய வேண்டும் என்பது எங்கள் வேதம். ஆனால் தகடு அசையாது. மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். கண்ணாடி மாதிரி இறுகிய பூச்சு அதோடு கூட அசையாது, விரிசல் விட்டுவிடும். இது புரியவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. போதாக்குறைக்கு, அந்த கிளியர் கோட்டை மூச்சிரைப்புக்காரி இருக்கும் வீட்டில் திறப்பதே தப்பு.

எது சரி என்று அப்போது தெரியாததால்தான் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, மரத்துண்டில் பூசி, கொடியில் தொங்கவிட்டேன். தினமும் வாளித் தண்ணீரை ஊற்றுவேன், வெயிலில் விடுவேன், நகத்தால் கீறிப் பார்ப்பேன். தாங்குமா தாங்காதா என்பதை என் விரல் சொல்லிவிடும்.

நெடி போய்விட்டதா என்பதைத்தான் எதுவும் சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கு மூக்கு வேலை செய்யாது.

வெல்லம்

இதை அன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பெயின்ட் அடிக்கும் அறைக்குள் நாங்கள் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்போம். பிற்பாடு முகமூடி வந்தது. அதற்குள் வேர்த்துக் கொட்டும், பாதிப் பேர் கழற்றிவிடுவார்கள். கையில் ஒட்டிய பெயின்ட்டைத் தின்னரில் கழுவி, மரத்தூளில் தேய்த்து, சோப்புப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவோம். ஷிப்டு முடிந்ததும் ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் தருவார்கள். வெல்லம் நெஞ்சில் இருக்கும் தூசியை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது கம்பெனியின் மருத்துவம். எங்களில் முக்கால்வாசிப் பேர் அதைச் சாப்பிட்டதில்லை. நான் தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவேன். என் மகள் ரஹ்மத் கேட்டிலேயே நின்று பிடுங்கிக்கொள்வாள். என் நெஞ்சுக்கு வந்த வைத்தியம் அவள் பல்லுக்குப் போனது.

மூக்கு ஒரேயடியாகப் போகவில்லை. எப்போது தெரிந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பல்லாவரம் பக்கம் தோல் பதனிடும் இடங்கள் இருந்த காலம். மின்சார ரயில் அந்த இடத்தைத் தாண்டும்போது பெட்டியில் இருப்பவர்கள் அனைவரும் மூக்கைப் பொத்துவார்கள். ஒருநாள் சாயங்காலம் எதிரில் இருந்த பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு, தெளிந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பவனைப் போல இருந்தேன். அவசரமாகக் கைக்குட்டையை எடுத்து நானும் பொத்திக்கொண்டேன்.

அன்று ஆரம்பித்த நடிப்பு. ஒரு பெயின்ட்காரனுக்கு மூக்கு போனால் கம்பெனியில் வேறு இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற பயம் முதலில். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. பிரியாணிச் சட்டியின் தம் உடையும்போது "ஆஹா" என்பேன். பெருநாளைக்கு யாராவது அத்தர் தடவினால் கையை மூக்கருகில் கொண்டுபோவேன். நாக்குக்கு உப்பு தெரியும், காரம் தெரியும், புளிப்பு தெரியும். மற்றதை எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

மாட்டிக்கொண்டேன்

மரத்துண்டுகளைத் தொங்கவிட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு புது வேலை. பால்காரரை நிறுத்தி, "இத மோந்து பாருங்க, நெடி இருக்கா?" என்பேன். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டரைக் கூப்பிட்டு, "சார், ஒரு அபிப்பிராயம் வேணும்" என்பேன். நாலு பேரிடம் கேட்பதுதான் முறை என்று மைமூனிடம் காரணம் சொன்னேன்.

அவள் சமையலறை ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஊரையே மோப்பம் பிடிக்க வைக்கிற மனுஷன் தான் மட்டும் ஏன் ஒரு தடவைகூட மோந்து பார்ப்பதில்லை என்று யோசித்திருக்கிறாள்.

அதனால்தான் அன்று அந்தத் துண்டை நீட்டினாள். நான் கையில் வாங்கி, விரலால் தேய்த்துப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு. மூக்கருகில் கொண்டுபோய், கண்ணை மூடி, நிபுணர்போல நிதானமாக இழுத்தேன்.

"ஆளிவிதை எண்ணெய்தான். டர்பன்டைன் ஒரு சொட்டு ஜாஸ்தி."

மைமூன் என்னையே பார்த்தாள்.

"தேங்காயெண்ணெய் மச்சான். என் தலைக்கு வைக்கிறது."

பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இரைப்பாகி, நான் ஓடிப்போய் இன்ஹேலரை எடுத்துவந்தேன். மூச்சு அடங்கியதும் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எத்தனை வருஷமா?"

"ரஹ்மத் ஸ்கூல் படிக்கும்போதே."

"அப்ப அன்னைக்கு கேஸ் கசிஞ்சுதே, நீங்க அடுப்புக்குப் பக்கத்துலயேதானே உக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டிருந்தீங்க? நான் வந்து திட்டுனேனே, மனுஷனுக்கு அக்கறையே இல்லன்னு?"

நான் இன்ஹேலரின் மூடியைப் போட்டு மூடினேன்.

"என் பிரியாணி?" என்று கேட்டாள். இது கொஞ்சம் சின்னக் குரலில் வந்தது.

"மூடியத் தொறக்கும்போது உன் மூஞ்சியப் பாப்பேன். நல்லா வந்திருந்தா உனக்குக் கண்ணு விரியும். அதப் பாத்துத்தான் ஆஹான்னு சொல்வேன். ஒரு தடவகூடத் தப்பா சொன்னதில்லையே?"

அவள் எழுந்து போய் மருதாணிச் செடியில் காய்ந்த இலைகளைக் கிள்ளிப் போட்டாள். கோபம் என்று நினைத்தேன். கோபமும் இருந்தது, இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காபியைக் கையில் கொடுக்கும்போது, "கொஞ்சம் அடிப்பிடிச்சுப் போச்சு, தீஞ்ச வாடை வருது. குடிக்கிறதுன்னா குடிங்க" என்றாள். அவள் எனக்குச் சொன்ன முதல் வாசனை அதுதான்.

ரஹ்மத்திடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவளுக்கு அப்போது கல்யாணமாகிக் காட்டாங்குளத்தூரில் கல்லூரி ஆபீசில் வேலை. தெரிந்தால் அத்தாவைத் தனியாக அடுப்பங்கரைப் பக்கம் விடமாட்டாள், கேஸை வைத்தே என்னைக் குழந்தையாக்கிவிடுவாள் என்றேன். "சரி, சொல்லல" என்று மைமூன் வாக்குக் கொடுத்தாள்.

அவள் மூக்கு, என் விரல்

ஒளிக்க எதுவும் இல்லை என்றானதும் வேலை சுலபமாகிவிட்டது. தாங்குமா என்று நான் சொல்வேன், ஆகுமா என்று அவள் சொல்வாள். எனாமல், வார்னிஷ், கிளியர் கோட் மூன்றும் அவளிடம் தோற்றன. தேங்காயெண்ணெய் என்னிடம் தோற்றது. அது மரத்தில் காயவே காயாது, எறும்புக்கும் பூஞ்சைக்கும் விருந்து. முந்திரிக்கொட்டை எண்ணெயைக் கரையான் தொடாது, ஆனால் அதன் காரம் மனிதத் தோலையும் விடாது. நின்றது ஆளிவிதை எண்ணெய் மட்டும்தான்.

அதிலும் சிக்கல். டர்பன்டைன் கலந்தால் மரத்தில் நன்றாக இறங்கும், ஆனால் அவளுக்கு ஆகாது. கலக்காவிட்டால் மேலேயே பிசின் மாதிரி நிற்கும். எண்ணெய் டப்பாவை வெந்நீர் வாளிக்குள் வைத்துச் சூடாக்கிப் பூசினேன். சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போய் மரம் தானாகக் குடித்தது. குடித்தது போக மேலே நின்றதை ஒரு சொட்டு விடாமல் துணியால் துடைத்து எடுத்தேன். அந்தத் துணிகளைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்தேன். படிக்கிறவர்கள் யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் இந்த ஒன்றை மறந்துவிடாதீர்கள்.

கத்திரி வெயிலில் செய்தேன். பாசியைத் தேய்த்துக் கழுவி, நாள்கணக்கில் உலரவிட்டு, உப்புத்தாள் போட்டு, கரையான் தின்ற காலின் அடியை அறுத்துச் சமன் செய்து, பிறகுதான் எண்ணெய். நாலு கால்களையும் பழைய பால் பவுடர் டப்பாக்களில் எண்ணெய் ஊற்றி நிற்கவைத்தேன். மரம் அடிவழியாகத்தான் அதிகம் குடிக்கும், தண்ணீரையும் அப்படித்தான் குடித்திருந்தது. காய்ந்ததும் காலுக்கு ஒன்றாகக் கடப்பாக் கல் துண்டு வைத்து, மண் படாமல் நிறுத்தினேன். பளபளப்பு என்று ஒன்றும் இல்லை. பஸ்காரன் கண்ணுக்கு அது முடிக்காத வேலை மாதிரியே இருந்தது.

பூசிய பெஞ்சைத் தெருப்பக்கம் தள்ளிப் போட்டிருந்தோம். தினமும் காலையில் மைமூன் கொஞ்சம் கிட்டப் போய் மூச்சை இழுத்துப் பார்ப்பாள். நான் வாசற்படியிலிருந்து கேட்பேன்.

"போச்சா?"

"இன்னும் இருக்கு மச்சான்."

ஒரு காலையில் அவள் நேராகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மழை வந்தது. பெஞ்சில் தண்ணீர் முத்து முத்தாக நின்று வழிந்தது. மழை விட்டதும் ஒரு பழைய துண்டால் துடைத்துவிட்டு அவள் உட்கார, நான் அந்த ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். உள்ளே போன மூச்சு தடங்கலில்லாமல் வெளியே வந்தது. அதைக் கேட்கத்தான் நான் அவ்வளவு மாதம் காத்திருந்தேன்.

"என்ன வருது?" என்றேன்.

"மண்ணு. கொய்யா எல. போஸ்ட் மாஸ்டர் வூட்டுல சாம்பார் தாளிக்கிறாங்க."

"வேற?"

"இருங்க. பெருங்காயம் கொஞ்சம் ஜாஸ்தியாப் போட்டுட்டாங்க."

அதன்பின் அது எங்கள் வழக்கமாகிவிட்டது. தெருவில் எந்த வீட்டில் என்ன சமையல், யார் வீட்டில் சாம்பிராணி, எந்தக் காற்று எந்தப் பக்கமிருந்து என்று அவள் சொல்லிக்கொண்டே வருவாள். நான் "வேற?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இந்த வருடக் கத்திரி

மைமூன் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இரைப்பில் போகவில்லை, இதயம். இறுதிவரை மழைக்காலங்களில் வெளியேதான் உட்கார்ந்திருந்தாள்.

ஆளிவிதை எண்ணெயில் ஒரு தொல்லை. வருடா வருடம் பூச வேண்டும். இந்தக் கத்திரியிலும் வெந்நீர் வைத்து, பூசி, துடைத்து, துணிகளை விரித்துப் போட்டேன். காய்ந்துவிட்டதா என்று விரல் சொல்லிவிடுகிறது. நெடி போய்விட்டதா என்று சொல்லத்தான் ஆளில்லை. போகாவிட்டால்தான் எனக்கென்ன, மோப்பமே தெரியாதவன். ஆனாலும் உட்காரவில்லை. நாள் கணக்குப் பார்க்காமல் வாசற்படியிலேயே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரஹ்மத் வந்தாள். முதல்நாள் சாயங்காலம் கோடை மழை ஒரு பாட்டம் பெய்திருந்தது. நேராகப் பின்பக்கம் போனாள். பெஞ்சருகே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். உம்மா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

"எண்ணெ வாசன போயிடுச்சு அத்தா. வந்து உக்காருங்க."

நான் எழுந்து போய் என் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் பாட்டுக்கு எதிரே பார்த்தபடி சொன்னாள்.

"ஈர மண்ணு வாசன. எங்கயோ கருவாடு வறுக்கிறாங்க. மருதாணி பூத்திருக்கு போல, அதுவும் லேசா வருது."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"உம்மா ஆஸ்பத்திரியில இருக்கும்போது சொன்னாங்க அத்தா. 'அத்தா வாயத் தொறந்து கேக்கமாட்டாரு, நீயாத்தான் சொல்லணும்'னு."

மைமூன் வாக்கை மீறிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. ரஹ்மத் என் கைமேல் கையை வைத்துக்கொண்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"வேற?" என்றேன்.